வாசகர் கேள்வி–பதில்: வெவ்வேறு துறை மாணவர்கள் ஒரே குழுவில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பொருளைப் பற்றியவை. பல்கலைக்கழகங்களில் வடிவமைப்புச் சிந்தனை என்ற பாடத்துக்காக, மாணவர்கள் தங்களுக்குள் ‘டிசைன் திங்கிங்’ என்றே சொல்லும் பாடத்துக்காக, பொறியியல், மேலாண்மை, செவிலியம், சமூகவியல், நுண்கலை எனப் பல துறைகளைச் சேர்ந்தவர்களை ஒரே குழுவில் சேர்க்கிறார்கள். பயனாளரைக் கவனிப்பது, அவருடைய சிக்கல் இன்னதென்று வரையறுப்பது, மாதிரி செய்து அவரிடமே கொடுத்துப் பார்ப்பது என ஒரு பருவம் முழுவதும் அவர்கள் சேர்ந்து உழைக்க வேண்டும். அப்படிச் சேர்ந்து உழைப்பதில் உள்ள சங்கடங்களைத்தான் பலரும் எழுதியிருக்கிறீர்கள். இப்பாடத்தைப் பல ஆண்டுகள் கற்பித்த அனுபவத்தில், சில கேள்விகளுக்கு விரிவாகவும் சிலவற்றுக்குச் சுருக்கமாகவும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எங்கள் குழுவில் ஐந்து துறைகளைச் சேர்ந்த ஐந்து பேர். முதல் நாளே வேலையைத் துறைவாரியாகப் பிரித்துக்கொண்டோம். நேர்காணல் சமூகவியல் மாணவிக்கு, செயலி எனக்கு, செலவுக் கணக்கு மேலாண்மை மாணவருக்கு என்று ஒதுக்கினோம். அவரவர் பகுதி நன்றாகவே வந்தது. சேர்த்துப் பார்த்தபோது ஒன்றோடொன்று ஒட்டவே இல்லை. எங்கே தவறினோம்?
— மூன்றாம் ஆண்டு கணினி அறிவியல் மாணவர்

முதல் நாளிலேயே தவறியிருக்கிறீர்கள். எந்தக் குழுவும் வேலையைப் பிரித்துக்கொண்டுதான் ஆக வேண்டும். ஆனால் சிக்கல் இன்னதென்று ஐவரும் சேர்ந்து கண்டறியும் முன்பே நீங்கள் பிரித்துக்கொண்டீர்கள். சமூகவியல் மாணவி பத்துப் பேரைச் சந்தித்துக் கேட்டவற்றை இரண்டு பக்கங்களில் சுருக்கித் தந்திருப்பார். எதை எழுதுவது, எதை விடுவது என்று அவருடைய பயிற்சி அவருக்குச் சொல்லியிருக்கும். நீங்களும் உடன் சென்றிருந்தால், பேசிக்கொண்டிருந்த முதியவர் கைப்பேசியைக் கை நீளும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டு, எழுத்து தெரியாமல் பேரனிடம் நீட்டியதைக் கண்டிருப்பீர்கள். நீங்கள் எழுதவிருந்த செயலியின் முதல் திரையே அதனால் மாறியிருக்கும். அறிக்கையில் அது இடம்பெறவில்லை என்று அம்மாணவியைக் குறை சொல்ல முடியாது. அந்தக் காட்சியின் பொருளை உணரக்கூடியவர் அன்று அங்கே இல்லை.

திட்டமிடல் அறிஞர்களான ஹோர்ஸ்ட் ரிட்டலும் மெல்வின் வெப்பரும் 1973இல் எழுதிய கட்டுரை ஒன்று இப்பாடத்தின் அடித்தளங்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. சமூகம் சார்ந்த சிக்கல்களுக்குக் கணக்குப் புதிரைப் போல முன்கூட்டியே எழுதி வைத்த வரையறை கிடையாது என்றும், சிக்கலை எப்படி வரையறுக்கிறோமோ அதிலேயே தீர்வின் வடிவமும் அடங்கிவிடுகிறது என்றும் அவர்கள் வாதிட்டார்கள். அப்படியானால் பல துறையினர் தேவைப்படுவது தீர்வைக் கட்டும்போது மட்டுமன்று. வரையறுக்கும் நேரத்தில்தான் அவர்களுடைய தேவை இன்னும் அதிகம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 2005இல் மென்பொருள் தொழிலதிபர் ஹாஸோ பிளாட்னரின் நன்கொடையால் வடிவமைப்புக் கல்விக்கூடம் அமைந்தபோதும், 2007இல் ஜெர்மனியின் போட்ஸ்டாமில் அதன் உடன்பிறப்பு போன்ற ஒரு கூடம் தொடங்கப்பட்டபோதும், பல துறை மாணவர்களைக் கலந்து அமர்த்துவதையே பாடத்தின் மையமாக வைத்தார்கள்.

ஸ்டான்ஃபோர்டில் 2007இல் நடந்த ஒரு பாடத்தில், மேலாண்மை, மின்பொறியியல், கணினி அறிவியல் முதலிய துறை மாணவர்கள் அடங்கிய ஒரு குழுவுக்கு, குறைமாதக் குழந்தைகளுக்கான இன்குபேட்டரை மிகக் குறைந்த செலவில் செய்ய வேண்டும் என்ற பணி தரப்பட்டது. குழுவில் ஒருவர் நேபாளத்துக்குச் சென்று மருத்துவமனையைப் பார்த்தபோது, அங்கே இன்குபேட்டர்கள் இருந்தும் பல வெறுமையாகக் கிடந்தன. குழந்தைகள் தொலைவான கிராமங்களில் பிறந்து, மருத்துவமனையை அடையும் முன்பே இறந்துகொண்டிருந்தன. அன்று சிக்கலின் வரையறையே மாறியது. மலிவான கருவி செய்வதற்கு மாறாக, தொடர்ந்து மின்சாரம் கிடைக்காத இடத்தில் ஒரு தாய் தன் கையாலேயே குழந்தையின் சூட்டைக் காக்க என்ன வழி என்று யோசித்தார்கள். சூடாக்கினால் உருகி, பிறகு மெல்ல உறையும்போது உடல் சூட்டுக்குரிய 37 பாகை வெப்பத்தைப் பல மணி நேரம் விட்டுக்கொண்டிருக்கும் மெழுகு போன்ற ஒரு பொருளைப் பையில் அடைத்து, குழந்தையைப் போர்த்தும் சிறு உறையின் உள்ளே வைத்தார்கள். ‘எம்பிரேஸ்’ என்று அதற்குப் பெயர். முதல் நாளே மின்பொறியாளர் சுற்றுக்கும் மேலாண்மை மாணவர் விலைக்கும் என்று பிரிந்து போயிருந்தால், இன்குபேட்டர்கள் ஏற்கெனவே வெறுமையாகக் கிடந்த மருத்துவமனைக்கு மலிவான இன்னொரு பெட்டி கிடைத்திருக்கும்.

அடுத்த முறை, முதல் மூன்று வாரங்கள் எதையும் துறைவாரியாகப் பிரிக்காதீர்கள். ஒவ்வொரு நேர்காணலுக்கும் வெவ்வேறு துறையைச் சேர்ந்த இருவர் செல்லட்டும். ஒருவர் சொல்லப்பட்டதை எழுதட்டும். மற்றவர் பேசியவரின் கை என்ன செய்தது, கண் எங்கே போனது என்பதை எழுதட்டும். திரும்பிய அன்றே மற்ற மூவரிடமும் வாய்மொழியாகச் சொல்லுங்கள். அறிக்கையாக எழுதிவிட்டால் குறுக்குக் கேள்வி கேட்க யாருக்கும் தோன்றாது.

கேள்வி: கூட்டத்தில் எல்லோரும் ஒத்துக்கொள்கிறார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் ஆளுக்கொன்றாகச் செய்து வந்திருக்கிறார்கள். இது ஏன்?
— முதுகலை வரலாற்று மாணவி

பெரும்பாலும் சொல்லில் இருக்கும் சிக்கல் இது. என் வகுப்பில் ஒரு குழு, “அடுத்த வாரம் மாதிரியோடு வருவோம்” என்று ஒருமனதாக முடிவு செய்து கலைந்தது. மறு வாரம் இயந்திரவியல் மாணவர் அட்டையை வெட்டி ஒட்டிய பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். புள்ளியியல் மாணவி நாற்பது பேரின் பட்டியலைக் கொண்டுவந்தார். அவருக்கு மாதிரி என்பது மொத்த மக்கள்தொகையிலிருந்து ஆய்வுக்காகத் தேர்ந்தெடுக்கும் கூறு. பொருளியல் மாணவரிடம் இரண்டு சமன்பாடுகள் இருந்தன; அவருடைய துறையில் மாதிரி என்றால் அதுதான். மூவரும் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தார்கள். ஆனாலும் ஒருவரை ஒருவர் ஏமாற்றிவிட்டதாக எண்ணி அரை மணி நேரம் மனம் கசந்து பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு சொல்லுக்கு ஐந்து பொருள் இருப்பது குற்றமில்லை. அந்த ஐந்தும் வெளியே வருவதற்கு ஒரு பொருள் தேவை. கண்ணால் பார்க்கவும் கையால் தொடவும் கூடிய பொருள். சூசன் லீ ஸ்டார், ஜேம்ஸ் கிரீஸ்மர் இருவரும் 1989இல் பெர்க்கிலியின் விலங்கியல் அருங்காட்சியகத்தின் தொடக்க கால வரலாற்றை ஆராய்ந்தபோது, விலங்கியல் அறிஞர்களும் பொழுதுபோக்காகச் சேகரிப்பவர்களும் பொறி வைத்து விலங்கு பிடிப்பவர்களும் ஒரே நோக்கம் இல்லாமலேயே எப்படிச் சேர்ந்து உழைத்தார்கள் என்று கேட்டார்கள். எல்லோரும் பயன்படுத்தக்கூடிய, பதப்படுத்தி வைத்த விலங்கு உடல்களும், குறிப்பெழுதுவதற்கான ஒரே வகைப் படிவமும் அவர்களுக்கு இடையே நின்றன என்பது அவர்கள் கண்ட விடை. அத்தகையவற்றை ‘எல்லைப் பொருள்கள்’ என்று அழைத்தார்கள். வடிவமைப்புக் குழுவில் அட்டைப்பெட்டி மாதிரி செய்யும் வேலையும் இதுதான். ஆகவே ஒவ்வொரு கூட்டமும் முடியும்போது, முடிவை வாக்கியமாக மட்டும் எழுதாமல், அடுத்த முறை மேசைமேல் என்ன இருக்கும் என்று ஒரு கோட்டோவியம் வரைந்து ஐவரும் பார்த்துவிட்டுக் கலையுங்கள்.

கேள்வி: நான் செவிலியம் படிக்கிறேன். குழுவில் மற்ற நால்வரும் பொறியியல் மாணவர்கள். அவர்கள் பேசுவது பாதி எனக்குப் புரிவதில்லை. எனக்குத் தெரிந்தது அங்கே தேவைப்படுவதாகவும் தோன்றவில்லை. வெறும் பார்வையாளராக இருக்கிறேன்.
— இரண்டாம் ஆண்டு மாணவி

உங்கள் கடிதத்தைப் படித்ததும் ஒரு மாணவி நினைவுக்கு வந்தார். முதியவர்களுக்கான மாத்திரைப் பெட்டி ஒன்றை அவருடைய குழு செய்துகொண்டிருந்தது. எந்த வேளைக்கு எந்த மாத்திரை என்று ஒலியெழுப்பி நினைவூட்டும் பெட்டி. மூன்று வாரம் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. மாதிரியை ஒரு மூதாட்டியிடம் கொடுத்த அன்று, ஒலி கேட்டது, விளக்கும் எரிந்தது, அந்த அம்மாள் பெட்டியை இரு கையாலும் பிடித்துக்கொண்டு விழித்தார். பொறியியல் மாணவர்கள் ஒலியைக் கூட்டுவதா, விளக்கின் நிறத்தை மாற்றுவதா என்று தங்களுக்குள் பேசத் தொடங்கினார்கள். இந்த மாணவி மட்டும் அம்மாளின் வலது கட்டைவிரலின் அடிமூட்டு புடைத்திருப்பதைக் கவனித்தார். மூட்டுத் தேய்மானம். கட்டைவிரலால் நெம்பித் திறக்க வேண்டிய மூடி அது; அந்த விரலால் நெம்ப முடியாது. “பாட்டி, வீட்டில் மாத்திரையை எதில் வைத்திருக்கிறீர்கள்?” என்று மெதுவாகக் கேட்டார். மூடியில்லாத ஒரு டம்ளரில் என்று பதில் வந்தது. பெட்டியின் மூடி அன்றே இழுப்பறையாக மாறியது. உள்ளங்கையால் தள்ளினாலே திறக்கும்.

இத்தனை வாரம் அவர் ஏன் பேசவில்லை என்று பிறகு கேட்டேன். மூட்டுத் தேய்மானம் எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று நினைத்ததாகச் சொன்னார். நீங்களும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்பது என் ஊகம். நம் துறையில் முதலாம் ஆண்டிலேயே படித்து முடித்தது நமக்குச் சாதாரணமாகிவிடுகிறது. அது மற்றவர்களுக்குத் தெரியாது என்பது நமக்குத் தோன்றுவதே இல்லை.

குழுக்களின் இயல்பும் உங்களுக்கு எதிராகவே இருக்கிறது. கேரல்ட் ஸ்டாசர், வில்லியம் டைட்டஸ் இருவரும் 1985இல் வெளியிட்ட ஆய்வில், நான்கு மாணவர் கொண்ட குழுக்களிடம் சில வேட்பாளர்களைப் பற்றிய தகவல்களைத் தந்து, சிறந்தவரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். சில தகவல்கள் நால்வருக்கும் பொதுவாகத் தரப்பட்டன. சில தகவல்கள் ஒருவருக்கு மட்டுமே தரப்பட்டன. நால்வரும் தமக்கு மட்டும் தெரிந்ததைச் சொல்லியிருந்தால் சரியானவர் யார் என்பது விளங்கியிருக்கும். ஆனால் பேச்சு எல்லோருக்கும் முன்பே தெரிந்ததைச் சுற்றியே ஓடியது. பெரும்பாலான குழுக்கள் தவறான முடிவுக்கே வந்தன. உங்கள் குழுவில் நால்வருக்குப் பொதுவான அறிவு பொறியியல். பேச்சு அந்தப் பக்கமே சாயும். உங்களை யாரும் வேண்டுமென்று ஒதுக்கவில்லை.

அடுத்த கூட்டத்தின் தொடக்கத்தில், “இந்தப் பயனாளரைப் பற்றி என் படிப்பு எனக்குச் சொல்லும் மூன்று விஷயங்கள்” என்று ஐந்து நிமிடம் பேசும் வாய்ப்பை ஐவருக்கும் கேளுங்கள். உங்களுக்கு மட்டும் கேட்டால் தயக்கமாக இருக்கும். எல்லோருக்கும் என்றால் யாரும் மறுக்கமாட்டார்கள். புரியாத சொல் வரும்போது அப்போதே நிறுத்திக் கேளுங்கள். அந்தச் சொல் புரியாத பொறியியல் மாணவர் ஒருவரும் அந்த மேசையில் இருப்பார்.

கேள்வி: எல்லோரும் உட்கார்ந்து சேர்ந்து யோசனை சொல்லும் அமர்வில் எங்களுக்கு ஒன்றும் வருவதில்லை. நாங்கள் மட்டும்தான் இப்படியா?
— இளநிலை நுண்கலை மாணவர்

நீங்கள் மட்டுமல்ல. விளம்பரத் துறையைச் சேர்ந்த அலெக்ஸ் ஆஸ்போர்ன் பரப்பிய முறை அது. 1958இலேயே யேல் பல்கலைக்கழகத்தில் அதைச் சோதித்துப் பார்த்தார்கள்: தனித்தனியே யோசித்த நால்வரின் யோசனைகளைச் சேர்த்தால், ஒன்றாக உட்கார்ந்த நால்வர் சொன்னதைவிட அதிகம் இருந்தது. ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டியிருப்பதும், காத்திருக்கையில் தன் யோசனை நழுவுவதும் முக்கியக் காரணம் என்று உளவியலாளர்களான டீலும் ஸ்ட்ரோபவும் 1987இல் காட்டினார்கள். பத்து நிமிடம் ஒருவரும் பேசாமல் தனித்தாள்களில் எழுதியோ வரைந்தோ முடித்து, பிறகு தாள்களை மேசையில் பரப்பிப் பேசுங்கள். துறைகள் கலந்த குழுவுக்கு இதில் இன்னொரு நன்மையும் உண்டு: சரளமாகப் பேசுபவரின் துறை முந்திக்கொள்வதில்லை.

கேள்வி: குழுக்களை மாணவர்களே அமைத்துக்கொள்ள விடலாமா, நான் அமைக்க வேண்டுமா? எத்தனை பேர் இருக்கலாம்?
— ஓர் உதவிப் பேராசிரியர்

நீங்கள்தான் அமைக்க வேண்டும். மாணவர்களிடம் விட்டால் ஒரே துறை நண்பர்கள் ஒன்றுசேர்வார்கள். கடைசியில் எஞ்சியவர்கள் ஒரு குழுவாவார்கள். அந்த எஞ்சியவர்களின் முகத்தைப் பார்த்த பிறகு நான் ஒருபோதும் அப்படி விட்டதில்லை.

நால்வர் அல்லது ஐவர் போதும். பிரெஞ்சு வேளாண் பொறியாளர் மாக்ஸ் ரிங்கெல்மான் கயிறு இழுக்கச் செய்து அளந்து 1913இல் வெளியிட்ட கணக்கில், எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது தனித்தனித் திறனின் கூட்டுத்தொகையில் ஏறக்குறைய பாதிதான் கிடைத்தது. அந்த இழப்பில் ஒரு பகுதி ஒருங்கிணைப்புக் குறையால் வருவது; இன்னொரு பகுதி, பிறர் இழுக்கிறார்கள் என்ற எண்ணத்தால் கை தளர்வது.

எண்ணிக்கையைவிட, குழுவுக்குள் பிளவு எந்தக் கோட்டில் விழக்கூடும் என்பதைப் பாருங்கள். ஒரு குழுவில் இரண்டு பொறியியல் மாணவர்களும் ஆண்கள், விடுதியில் தங்குபவர்கள், இறுதி ஆண்டினர். இரண்டு சமூகவியல் மாணவிகளும் வீட்டிலிருந்து வருபவர்கள், முதலாம் ஆண்டினர் என்றால், எல்லா வேறுபாடுகளும் ஒரே கோட்டில் அடுக்கி நிற்கின்றன. ஆய்வாளர்களான லாவும் மர்னிகனும் 1998இல் இதைப் ‘பிளவுக்கோடு’ என்று விளக்கினார்கள். சின்ன மனத்தாங்கல் வந்தாலும் குழு அந்தக் கோட்டிலேயே இரண்டாகும். வேறுபாடுகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டும்படி அமர்த்தினால், ஒரு விஷயத்தில் எதிரணியில் இருப்பவர் இன்னொன்றில் நம் பக்கம் நிற்பார். மற்றொன்று: கால அட்டவணைகளை முதலில் வாங்கிப் பாருங்கள். ஆய்வகம் உள்ளவர்களுக்கும் மருத்துவமனைப் பணி உள்ளவர்களுக்கும் பொதுவான நேரமே இல்லையென்றால், எவ்வளவு நுட்பமாக அமைத்தும் பயனில்லை. வாரத்தில் இரண்டு மணி நேரமாவது வகுப்பு நேரத்துக்குள்ளேயே குழு வேலைக்கு ஒதுக்குங்கள்.

கேள்வி: ஒருவர் வேலையே செய்வதில்லை. மதிப்பெண் மட்டும் எல்லோருக்கும் ஒன்று. புகார் செய்யலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத மாணவி

செய்யலாம், ஆனால் அதற்கு முன் அவரிடம் நேரில் ஒரு முறை பேசுங்கள். சோம்பல் என்று நான் முதலில் நினைத்த பலரிடத்தில், தனக்கு என்ன வேலை என்று விளங்காமையும், தன் துறைக்கு இங்கே இடமில்லை என்ற மனச்சோர்வும் இருந்ததைக் கண்டிருக்கிறேன். “நீ ஒன்றும் செய்வதில்லை” என்று தொடங்காமல், வரும் வெள்ளிக்கிழமைக்குள் முடியக்கூடிய ஒரு சிறு வேலையைப் பெயர் சொல்லிக் கொடுத்துப் பாருங்கள். அதுவும் நடக்கவில்லையென்றால் ஆசிரியரிடம் செல்லுங்கள், தயங்க வேண்டாம்.

பொறுப்பு ஆசிரியருக்கும் உண்டு. பருவ முடிவில் ஒரே ஒருமுறை சக மாணவர் மதிப்பீடு வாங்குவது பழிதீர்க்கும் தாளாகிவிடுகிறது. ஐந்தாம் வாரத்தில் மதிப்பெண் இல்லாமல் ஒருமுறையும், இறுதியில் மதிப்பெண்ணோடு ஒருமுறையும் வாங்கினால், திருந்திக்கொள்ள இடம் கிடைக்கிறது. ஒவ்வொருவரும் தனியே எழுதித் தரும் களக் குறிப்பேட்டுக்கும் மதிப்பெண் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: இதிலேயே நேரம் போனால் மகனின் சொந்தப் பாடம் பின்தங்காதா?
— ஒரு தந்தை

நேரம் எடுக்கத்தான் செய்யும். ஆனால் தன் துறை தெரியாத ஒருவருக்குத் தன் பாடத்தை விளக்க வேண்டி வரும்போது, தனக்கே அது எவ்வளவு தெரியும் என்பது தெரிந்துவிடுகிறது. வாரம் ஆறு மணி நேரத்துக்கு மேல் போனால் ஆசிரியரிடம் பேசச் சொல்லுங்கள்.

கேள்வி: பருவத்தில் பாதி முடிந்துவிட்டது. குழுவில் ஒரே சண்டை. இரண்டு யோசனைகள், இரண்டு அணிகள். இதுவரை செய்ததை விட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றுகிறது. நாங்கள் தோற்றுவிட்டோமா?
— இறுதி ஆண்டு இயந்திரவியல் மாணவி

இல்லை அம்மா. ஒன்றுகூடல், மோதல், இணங்கல், செயல்படல் என்று உளவியலாளர் புரூஸ் டக்மன் 1965இல் குழுக்களின் வளர்ச்சிக்கு வகுத்த நான்கு கட்டங்களை ஆசிரியர்கள் உங்களுக்குச் சொல்லியிருக்கலாம். அவர் தொகுத்துப் பார்த்த ஆய்வுகளில் பல, மனநலச் சிகிச்சைக் குழுக்களைப் பற்றியவை. கெடு தேதியோடு ஓடும் உங்கள் குழுவுக்கு இன்னும் பொருத்தமானது கானி கெர்சிக் 1988இல் வெளியிட்ட ஆய்வு. மாணவர் குழுக்களும் அடங்கிய எட்டுக் குழுக்களை அவர் முதல் கூட்டத்திலிருந்து கடைசிவரை பின்தொடர்ந்தார். ஏழு நாளில் முடிக்க வேண்டிய குழுவும் ஆறு மாதக் குழுவும், கொடுக்கப்பட்ட காலத்தின் ஏறக்குறைய நடுப்பகுதியில்தான் பழைய பாதையை விட்டுப் புதிய பாதைக்குத் திரும்பின. நீங்கள் இப்போது நிற்கும் இடம் அது. இதைத் தவறவிட்டால் மறுபடி திரும்புவது கடினம் என்பதால், இந்த வாரமே கூடுங்கள்.

அந்தக் கூட்டத்தில் எந்த யோசனை சிறந்தது என்று வாக்கெடுக்காதீர்கள். இரண்டையும் அட்டையிலும் காகிதத்திலும் செய்து, மூன்று நாளுக்குள் ஒரே பயனாளரிடம் இரண்டையும் கொடுத்துப் பாருங்கள். ஸ்டீவன் டோவும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2011இல் இருவர் இருவராக வேலை செய்தவர்களிடம் சோதித்தபோது, ஒன்றை மட்டும் செய்து காட்டியவர்களைவிடப் பலவற்றைச் செய்து பகிர்ந்தவர்களின் வேலை சிறந்திருந்தது. அவர்களுக்கிடையே இருந்த நல்லுறவும் கூடியிருந்தது. ஒன்றே ஒன்றைக் கொண்டுவந்தால் அதைப் பற்றிய விமர்சனம் கொண்டுவந்தவர்மேல் விழுகிறது. இரண்டோ மூன்றோ மேசையில் இருந்தால் பேச்சு பொருள்களைப் பற்றியதாகிறது.

ஒரு மாற்றம் மட்டும் செய்துகொள்ளுங்கள்: உங்கள் அணியின் மாதிரியை எதிரணியினர் எடுத்துச் சென்று பயனாளரிடம் காட்டட்டும்; அவர்களுடையதை நீங்கள் எடுத்துச் செல்லுங்கள். பயனாளர் எந்த இடத்தில் தடுமாறினார் என்று குறித்துக்கொண்டு வந்து, மாதிரியைச் செய்தவரிடம் முதலில் சொல்லுங்கள். அதன்பின் என்ன ஆனது என்று எனக்கு எழுதுங்கள். அடுத்த இதழில் மற்ற வாசகர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.